நரம்பு ஊசி

வேலை நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிடவே மாட்டாள். கடையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மாடியேற வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் பெயர் திரையில் வந்ததுமே வேலையை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"ஏட்டி, ஒரு கண்ணுல நூலாம்படை தொங்குது. தொடச்சாலும் போவ மாட்டேங்கு."

"எந்தக் கண்ணும்மா?"

"வலது. கறுப்பா, நூல் நூலா. கண்ணை அசைச்சா அதுவும் கூடவே வருது. பக்கத்துக் கவுண்டர் பூமயிலு ஊதிப் பாத்தா. ஒண்ணுமில்லங்கா."

நான் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அது நூலாம்படை இல்லை, கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் கசிகிறது என்பதும் தெரிந்தது. அவள் இரண்டு கெண்டைக்காலிலும் போயிருக்கும் ஊசி, சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது.

அந்த ஊசியின் பெயர் நாளினி. திருநெல்வேலி டவுனில் அம்மா சேலை காட்டும் ஐந்து மாடிக் கடையில் அதை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. நரம்பு ஊசி என்பார்கள்.

ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சட்டத்துக்குப் பயந்து கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். "சேல்ஸ்கேர்ள் ஒக்காந்திருந்தா கடை ஈயாடுதுன்னு கஸ்டமர் நெனைப்பாங்க" என்பார். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவளும் கேர்ள்தான்.

பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கம்பெனி வந்தது. கால் தசைக்குள் மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்களைப் புதிதாக வளர்க்கும் ஊசி. ஒரே தடவை போட்டால் போதும். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் கால் கடுக்காது. சோதனைத் திட்டத்தில் நாற்பது கடைகள், ஆயிரத்து தொள்ளாயிரம் பெண்கள். ஊசி போட்ட கவுண்டருக்கு ஸ்டூல் தேவையில்லை என்று விதிவிலக்கும் வாங்கிவிட்டார்கள். ஒரு மத்தியானம் எல்லா ஸ்டூலையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் மறிக்கவில்லை.

ஏன் மறிக்க வேண்டும்? கால் உண்மையிலேயே வலிக்கவில்லை. இருபது வருஷம் தினமும் உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்த என் அம்மா, அந்த வாளியைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டாள். "இது என் காலே இல்லட்டி. கல்யாணத்துக்கு முந்தி இருந்த காலு" என்று போனில் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன்.

ராத்திரியே பஸ் ஏறினேன். மறுநாள் காலை திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுக்காரர். வலது கண் முழுக்க ரத்தம், இனி பார்வை திரும்புவது சந்தேகம் என்றார். இடது கண்ணிலும் விழித்திரையில் புதுக் குழாய்கள் கிளம்பியிருக்கின்றன. லேசர் வைக்கலாம், கண்ணுக்குள் மருந்தும் போடலாம். ஆனால் ஊசி காலில் சுரக்க வைப்பது நிற்காதவரை எதுவும் நிற்காது.

"எத்தனை நாள் இருக்கு டாக்டர்?"

"பத்து நாள் தாங்கினா பெரிசு. சர்க்கரைக் கண்ணு இது. முன்னாடியே யாராவது பார்த்துச் சொல்லியிருப்பாங்களே?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சொன்னாவளே" என்றாள் அம்மா. "மூணு வருசத்துக்கு முந்தி, கண்ணு கேம்ப்ல. சர்க்கரையில கண்ணுல நரம்பு வளருதுன்னாவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கத்தினேன். "ஊசி போட வந்தப்ப இதச் சொல்லாம என்னத்த செஞ்ச? கண்ணுல ரத்தக் குழாய் வளந்தா இந்த ஊசி போடவே கூடாது. ஊசிக்கு முந்தி எழுதி வாங்குத பாரத்துல ஒன்பதாவது கேள்வியே அதுதான்!"

"சொன்னேன்ட்டி. அந்த நர்ஸ் பிள்ள வரிசையாக் கேட்டுட்டே வந்தா. நரம்புல தொந்தரவு இருக்கான்னு கேட்டப்ப, ஆமா, கண்ணு நரம்புன்னு சொன்னேன். அவளும் எழுதிக்கிட்டா. பொறவு காலைக் காட்டுங்கன்னா."

பக்கத்தில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியவர், இமையைத் திறக்காமலே என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனில் அம்மாவின் பாரத்தைத் தேடி எடுத்தேன். அதைத் திறக்கும் அனுமதி எனக்கு உண்டு.

கேள்வி ஒன்பது: தங்களுக்கு விழித்திரை இரத்தக் குழாய்ப் பெருக்கம் இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளாரா? இல்லை.

கேள்வி பதினான்கு: நரம்பு தொடர்பான தொந்தரவு உண்டா? உண்டு. பக்கத்தில் பேனாவால் கிறுக்கியிருந்தது: கண் நரம்பு வளர்ச்சி, கேம்ப் டாக்டர்.

பதினான்காவது கேள்வி கை கால் மரத்துப் போகிறதா என்பதற்காக வைத்தது. ஆமாம் என்றாலும் ஊசி போடலாம். கணினி அந்தக் கிறுக்கலைப் படிக்காது. ஒன்பதில் 'இல்லை' என்றிருந்தால் பச்சை விளக்கு எரியும். எரிந்திருக்கிறது.

அந்தப் பாரத்தைத் தமிழில் எழுதியது நான்.

கல்லூரி முதல் வருஷம் வாய்மொழித் தேர்வில், பரிசோதனைக்கு ரத்தம் எதிலிருந்து எடுப்பார்கள் என்று கேட்டார்கள். நரம்பிலிருந்து என்றேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நெர்விலயா? எந்த ஊரும்மா நீ?" என்றார். அறையிலிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, சுண்டி இழுப்பதும் நரம்பு. குளுக்கோஸ் ஏற்ற நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்புதான். அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டேன். விட்டதோடு நில்லாமல், வீட்டில் யார் சொன்னாலும் திருத்தினேன். "நரம்பில்லம்மா, ரத்தக் குழாய்." அம்மா, "சரி வாத்தியாரம்மா" என்பாள். மறுபடியும் நரம்பு என்பாள்.

பாரம் எழுதும்போது, ஊசி போடும் நர்ஸ் ஒருத்தர் போனில் சொன்னார்: "ஒன்பதாவதுல நரம்புன்னும் சேர்த்துப் போடுங்க மேடம். சனத்துக்கு அதான் வெளங்கும்." அது அறிவியல் பிழை என்றேன். வேண்டுமானால் அகராதியை அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

"எம்மா" என்றேன். "அந்தக் கேள்விய எழுதினது நான்தான்."

அவள் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எழுதிருப்ப. எனக்குல்லா வெளங்கல" என்றாள்.

திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"இந்த ஊசி என்னதான்ட்டி செய்யுது? வெஜ்ஜு என்னமோன்னு சொன்னாவ. அதை நம்பித்தான் நான் வெள்ளிக்கிழமை வெரதத்தோட போய்ப் போட்டுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வெஜ்-எஃப். அது ஒரு புரதம்மா. தசைக்குக் காத்து பத்தாம மூச்சு முட்டுச்சுன்னா அதை வெளிய விடும். எனக்கு ரத்தம் பத்தல, வாங்கன்னு குரல் குடுக்க மாதிரி. பக்கத்துல இருக்க பொடிக் குழாய்க்கு அந்தக் குரல் கேக்கும். குழாய்ச் சொவத்துல இருந்து ஒரு செல்லு தலைய நீட்டிக் குரல் வந்த பக்கம் ஊர்ந்து போவும். மத்த செல்லு எல்லாம் அது பின்னாலயே போவும். அப்படியே புதுக் குழாய் ஆயிரும்."

"தள்ளுபடி அன்னைக்கு ஒருத்தி மாடியேறுனா மத்தவளுவளும் பின்னாலயே ஏறுவாளுவல்லா, அப்படி."

"அப்படித்தான்."

"அங்க காவக்காரன் கதவை அடைச்சுருவான். இங்க யாரு அடைப்பா?"

"ரத்தம் வந்து சேந்ததும் தசையே குரலை நிறுத்திரும். போதும், இருக்கதைக் கெட்டிப்படுத்துன்னு சொல்லதுக்கு வேற மூலக்கூறுவ இருக்கு. எங்க ஊசி தசையை வாய மூட விடாது. நீ நின்னுக்கிட்டே இருக்கணும்லா, அதுக்காக."

"கண்ணு எங்க நின்னுச்சு?"

"சர்க்கரையில உன் கண்ணுக்கும் மூச்சு முட்டித்தான் கெடந்துருக்கு. கால்ல போட்ட சத்தம் ரத்தத்துல கசிஞ்சு கண்ணுக்கும் போயிட்டு. அவசரத்துல வளந்த குழாய் கெட்டியா இருக்காது, பிஞ்சிரும். அதான் உன் நூலாம்படை."

அப்படிக் கசிவது 'புறக்கணிக்கத்தக்க அளவு' என்று எங்கள் அறிக்கையில் இருந்தது. அதையும் தமிழில் எழுதியது நான்தான். சர்க்கரைக்காரர்களை மொத்தமாக விலக்கியிருக்கலாம். விலக்கினால் ஊசி போட ஆள் தேறாது. ஊசிக்கு முன்னால் ஒவ்வொருவர் கண்ணையும் படம் எடுத்திருக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், ஒரு கேள்வி போதும் என்றார்கள். அந்த ஒரு கேள்வியை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் அகராதியை வைத்துக்கொண்டு எழுதினேன்.

காலில் சுரப்பதை அடைக்க இன்னொரு ஊசி உண்டு. அடைப்பு ஊசி. அது எங்கள் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் போனில் சொன்னதும், வியாழக்கிழமை டாக்டர் வித்யாதரன் வந்தார். கம்பெனியில் மருந்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். தூத்துக்குடியில் விமானம் இறங்கி நேரே கார் பிடித்து வந்தார். கையில் குளிர்ப்பெட்டி. கடைக்குப் பின்னால் இருந்த ஊசி அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

"பாரத்தைப் பார்த்தேன், இசை" என்றார். என் பெயர் இசக்கியம்மாள். ஆபீஸில் இசை. "இப்ப ரெண்டு வழிதான் இருக்கு. பாரத்துல தப்புன்னு நீங்க எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தா விதிப்படி திட்டம் மொத்தமும் நிற்கும். அனுமதி கொடுத்த குழு கூடி முடிவெடுக்கிறவரை எந்த ஊசியும் போடக் கூடாது."

"அடைப்பு ஊசியும்?"

"அதுவும் அதே அனுமதியிலதான் இருக்கு. ஆறு வாரம் ஆகும்."

"பத்து நாள்தான் இருக்குன்னு கண் டாக்டர் சொல்றாரு சார்."

"தெரியும். அதனாலதான் இன்னொரு வழி சொல்றேன். அம்மா தெரிஞ்சே மறைச்சதா எழுதிக் கொடுக்கட்டும். அப்ப அது ஒரு ஆளோட விதிமீறல்தான், திட்டம் நிற்காது. இப்பவே, இந்த நிமிஷமே போட்டுடலாம்."

"அவ மறைக்கல சார். அந்தக் கிறுக்கலைப் படிச்சீங்களா? அவ சொல்லியிருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லியிருக்கா. விளங்காத தமிழ்ல கேட்டது நாம. நான்."

"நான் உங்களை நம்புறேன்" என்றார். "விதி நான் போட்டதில்லை."

நான் அம்மாவிடம் திரும்பினேன். ஆயிரத்து தொள்ளாயிரம் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் இன்னும் யாருக்கெல்லாம் கண்ணில் நரம்பு வளர்கிறதோ தெரியாது, நீ கையெழுத்துப் போட்டால் பாரம் சரியாகத்தான் இருந்தது என்று ஆகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் இடது கண் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. எழுபது வயதிலும் எண்பது வயதிலும் அவள் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு கண்ணில்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க போடணும்? எடத்தக் காட்டுட்டி" என்றாள் அம்மா.

கேள்வி நன்றாக விளங்கியது, தெரிந்தே மறைத்தேன் என்று அச்சடித்திருந்த கடிதத்தில், அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். ச, சொ, சொர்ணம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினாள். கீழே சாட்சி என்று இருந்த இடத்தில் நான் போட்டேன். நிம்மதியாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதி மட்டும்தான் இருந்தது.

ஊசி ஏறும்போது அம்மா அவரிடம் கேட்டாள்: "எம்மவ வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா சார்?"

இடது கண் பிழைத்தது.

கால் பிழைக்கவில்லை. குரல் அடங்கிய பிறகு புதுக் குழாய்கள் ஒவ்வொன்றாக வாடின. அது எதிர்பார்த்ததுதான். தசை தானாகக் குரல் கொடுக்கும் பழக்கத்தையே இரண்டு வருஷத்தில் மறந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடையில் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். அவளுக்கு ஸ்டூல் போடலாமே என்று கேட்டேன். ஊசி போட்ட கவுண்டருக்கு ஸ்டூல் கிடையாதே என்றார் மேற்பார்வையாளர். நக்கல் இல்லை, உண்மையிலேயே விதியைத்தான் சொன்னார்.

வீட்டில் பகல் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பூமயில் வந்தால், "பாரு, மொதலாளி கெணக்கா ஒக்காந்துருக்கேன்" என்கிறாள். பூமயில் சிரித்துவிட்டு வாசலுக்கு வந்து மூக்கைச் சிந்துகிறாள்.

சென்னைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, ஒன்பதாவது கேள்வியைத் திருத்தி எழுதியது. 'கண்ணுல நரம்பு வளருதுன்னு டாக்டர் யாராச்சும் சொன்னாங்களா?' அவ்வளவுதான். ஏற்கெனவே ஊசி போட்டவர்களிடமும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் வைத்தேன்.

டாக்டர் வித்யாதரன் அதைப் படித்துவிட்டு மேஜையில் குப்புற வைத்தார்.

"மாத்த முடியாது, இசை. மாத்தினா பழைய கேள்வி தப்புன்னு ஆகும். அது தப்பில்ல, நல்லா விளங்குச்சுன்னு உங்கம்மாவே எழுதிக் கொடுத்திருக்காங்க. சாட்சி நீங்க."

குப்புறக் கிடந்த தாளை எடுத்து மடித்துக்கொண்டேன்.

"குழு ஒருவேளை கேட்டா, அந்த ஒரு கடிதம் போதும் நமக்கு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். மறுநாள் காலை ஒன்பதே காலுக்குக் கடைக்குள் போனேன். கம்பெனி அட்டை கழுத்தில் இருந்ததால் காவலாளி சல்யூட் அடித்தார். கடை திறப்பதற்கு முன் தரைத்தளத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சேலை மடிப்பு சரியாக இருக்கிறதா, பூ வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் மாடிக்கு அனுப்புவார்கள். முப்பத்தெட்டுப் பேர், ஒரே பச்சைச் சேலை. மேற்பார்வையாளர் இன்னும் வரவில்லை.

"ஏ, சொர்ணக்கா மவல்லா!" என்றாள் பூமயில். "கண்ணு எப்படி இருக்கு அக்காவுக்கு?"

"ஒண்ணு இருக்கு" என்றேன். பிறகு வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். பத்து வருஷமாக நான் வாயில் எடுக்காத சொல்லால் கேட்டேன்.

"உங்கள்ல யாருக்காச்சும் கண்ணுல நரம்பு வளருதுன்னு டாக்டர் சொல்லிருக்காவளா? சொல்லிருந்தா கையத் தூக்குங்க."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒரு கை. பிறகு இரண்டு. பின்வரிசையிலிருந்து இன்னொன்று. எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது கை. இந்த ஒரு கடையில் மட்டும்.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். முன்வரிசையில் நின்ற சுடலைவடிவு என்கிற பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், தூக்கிய கையோடு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் பிள்ள முழிக்க? நல்லதுதானே?" என்றாள். "கால்ல நரம்பு வளக்கதுக்கு நீங்க ஊசி போடுதிய. எனக்குல்லாம் கண்ணுல ஓசியிலேயே வளருது."

வரிசை முழுக்கச் சிரித்தது. தூக்கிய கைகளை யாரும் இறக்கவில்லை. நான் இறக்கச் சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.